அநாதியும் நிலைவாழ்வும்: தமிழ்க் கிறித்தவ இறையியலில் இறைவனும் காலமும்

சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூர்ப் பகுதி, தமிழும் தெலுங்கும் ஒன்றையொன்று தொட்டு வழங்கும் எல்லைப்புறங்களுள் ஒன்று. 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இந்நிலப்பகுதி வட ஆர்க்காட்டு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. 1960ஆம் ஆண்டு திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தபோது சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022ஆம் ஆண்டு திருப்பதி தனி மாவட்டமானபோதும் கங்காதர நெல்லூர் சித்தூர் மாவட்டத்திலேயே தொடர்கிறது. ஆட்சி எல்லைகள் மாறினும் இருமொழி வழக்கு மாறவில்லை.

இச்சூழலில் தமிழ் விவிலியத்தையும் தெலுங்கு விவிலியத்தையும் அருகருகே வைத்துப் படிப்பவர் ஒரு வேறுபாட்டைக் காணத் தவறார். திருவெளிப்பாட்டு நூலில், இறைவன் முடிவின்றி உயிரோடிருப்பவர் எனக் கூறப்படும் இடங்களில் தெலுங்கு ‘யுகயுகமுலு’ என்கிறது. தமிழ்ச் சீர்திருத்த சபையார் வழங்கும் பழைய மொழிபெயர்ப்போ ‘சதாகாலங்களிலும்’ என்கிறது. கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் உரிய தொடர் ஒன்றே. ஒரு மொழி ஊழிகளை அடுக்கி இறைவனின் இருப்பை அளக்க முயல்கிறது. மற்றொரு மொழி ‘எப்போதும்’ என்னும் பொருளுடைய சொல்லுக்குப் பன்மை விகுதி சேர்த்து அளக்க முயல்கிறது. இறைவனுக்குக் காலத்தோடு உள்ள உறவு யாது என்னும் பழைய இறையியல் வினா, இங்கே சொல்லாட்சி வினாவாக வடிவெடுக்கிறது. அச்சொற்கள் வந்த வழியையும், தமிழ் இலக்கணம் அவ்வினாவுக்குத் தரும் இடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலை மரபு கொணர்ந்த சிக்கல்

இறைவன் நித்தியர் என்பதில் கிறித்தவ மரபினுள் கருத்து வேறுபாடு இல்லை. நித்தியம் என்பது யாது என்பதில்தான் வேறுபாடு. தொடக்கமும் முடிவும் இல்லாத காலம் முழுவதும் இறைவன் இருக்கிறார் என்பது ஒரு கொள்கை. காலம் என்னும் ஓட்டமே அவரிடத்து இல்லை; முன், பின் என்னும் வரிசை அவருக்கு இல்லை என்பது மற்றொரு கொள்கை. கி.பி. 400ஐ ஒட்டித் தம் ஒப்புதல் நூலின் பதினொன்றாம் பகுதியை எழுதிய அகுஸ்தினார், உலகோடு காலமும் படைக்கப்பட்டது என்றார். ஆகவே படைப்புக்கு முன் இறைவன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பதே பொருந்தாது. ‘முன்’ என்று ஒன்று இருந்தால்தானே அக்கேள்வி எழும். ஏறத்தாழ 524ஆம் ஆண்டளவில், சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த போயத்தியுஸ் இதற்கு ஒரு வரையறை வகுத்தார். அவ்வரையறையின் உயிர்நாடி ‘ஒருசேர’ என்னும் கருத்தாகும். மனிதன் தன் வாழ்வைத் துளித்துளியாகப் பெற்றுத் துளித்துளியாக இழக்கிறான். இறைவனோ தம் வாழ்வு முழுவதையும் ஒருசேரக் கொண்டிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதனை ஏற்று விரித்தார். நிலைத்து நிற்கும் ஓர் ‘இப்போது’ என இலத்தீன் அறிஞர் இதனைச் சுருக்கிக் கூறுவர்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கருத்து கடுமையாக எதிர்க்கப்பட்டது. 1946இல் ஆஸ்கர் குல்மன், காலங்கடந்த நித்தியம் கிரேக்க மெய்யியலின் சரக்கு என்றும், விவிலியம் அறிந்தது முடிவின்றி நீளும் நேர்கோட்டுக் காலத்தையே என்றும் வாதிட்டார். நிக்கோலஸ் வோல்டர்ஸ்டார்ஃப் 1975இல், செயல்புரிந்து மறுமொழி கூறும் இறைவன் காலத்துக்கு அப்பாற்பட்டவராக இருத்தல் இயலாது என்றார். எலினார் ஸ்டம்பும் நார்மன் கிரெட்ஸ்மனும் 1981இல் போயத்தியுஸின் கருத்துக்குப் புத்துயிர் அளித்தனர். வழக்கு இன்னும் தீரவில்லை.

இவ்வழக்கு நூலறிஞர் அவையோடு நின்றுவிடுவதன்று. சித்தூர் வட்டாரத்தை நோக்கினால் அது விளங்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு இயேசு சபையாரின் கர்நாடக மறைப்பணி இவ்வட்டாரத்துப் புங்கனூரை எட்டியிருந்தது. 1853இல் ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய அமெரிக்க ஆர்க்காட்டு மறைப்பணிக்கு வேலூரும் ஆரணியும் போலச் சித்தூரும் முதல் நிலையங்களுள் ஒன்றாயிற்று. அச்சபை ஒல்லாந்து வழிவந்த சீர்திருத்தச் சபை. 1561ஆம் ஆண்டின் பெல்ஜிய விசுவாச அறிக்கை, 1563ஆம் ஆண்டின் ஐடல்பர்க்கு வினாவிடை, 1618-19இல் தோர்து நகரில் கூடிய மாமன்றத்தின் தீர்மானங்கள் ஆகிய மூன்றும் அதன் கோட்பாட்டு அடிப்படைகள். உலகம் தோன்றுமுன்பே மீட்புக்குரியோரை இறைவன் தெரிந்துகொண்டார் என்பது தோர்துத் தீர்மானங்களின் மையம். ஒரு புறம் இத்தகைய மாறாத நித்தியத் தீர்ப்பு. மறு புறம் 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம். வட ஆர்க்காடு அப்பஞ்சத்தில் துயருற்ற மாவட்டங்களுள் ஒன்று. அதனை ஒட்டிய ஆண்டுகளில் தென்னிந்திய மறைப்பணிகள் பலவற்றில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றோர் தொகை பெருகியது. மழைக்காகவும் கஞ்சிக்காகவும் கையேந்தி நின்ற ஒரு சமூகத்துக்கு, இறைவன் கேட்கிறார் என்பது உயிர்நிலையான செய்தி. கேட்டல் என்பது ஒருவர் சொன்ன பின் நிகழ்வது. சொல்வதற்கு முன்னும் பின்னும் அற்ற ஒருவர் எவ்வாறு கேட்பார்? இறையியலாரின் வினாவும் ஏழையின் வினாவும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன.

சொற்களின் பழைய சுமை

தமிழ்க் கிறித்தவம் இறைவனின் நித்தியத்தைக் கூற முதலில் எடுத்துக்கொண்டவை வடமொழிச் சொற்கள்: அநாதி, அனந்தம், நித்தியம், சதாகாலம். பதினேழாம் நூற்றாண்டில் மதுரையில் வாழ்ந்த தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலியின் உரைநடை நூல்களில் இச்சொற்கள் கோட்பாட்டுச் சொற்களாகவே ஆளப்பட்டன. கத்தோலிக்கர் மனனம் செய்து வந்த சிறு வினாவிடையில் சர்வேசுரனுக்கு ஆறு இலக்கணங்கள் கூறப்படும். தம்மாலே தாமாயிருத்தல் அவற்றுள் முதலாவது. தொடக்கமும் முடிவும் இல்லாதிருத்தல் அதனை அடுத்தது. இவ்வரிசை கருதத்தக்கது. இரண்டாம் இலக்கணம் இரு முனைகளையும் மறுக்கிறதேயன்றி, இடைப்பட்ட ஓட்டத்தை மறுக்கவில்லை. போயத்தியுஸின் ‘ஒருசேர’ என்னும் கருத்து வினாவிடையின் தமிழுக்குள் வரவில்லை. மனனம் செய்யும் சிறுவனுக்கு அது தேவையில்லை என்று விட்டிருக்கலாம்.

பெருஞ்சிக்கல் வேறிடத்தில் இருந்தது. நித்தியம், அநாதி என்னும் சொற்கள் வெற்றுக் கலங்களாகக் கிறித்தவர் கைக்கு வரவில்லை. நியாய வைசேடிகர் நித்தியப் பொருள்களை எண்ணும்போது அணு, ஆன்மா, ஆகாயம், திசை ஆகியவற்றோடு காலத்தையும் சேர்ப்பர். அவர்கள் மதத்தில் காலமே ஒரு நித்தியத் திரவியம். சைவ சித்தாந்தத்திலோ பதி, பசு, பாசம் ஆகிய மூன்றும் அநாதி. இறைவன் அநாதி என்று மறையுரைஞர் கூறினால், உயிரும் மலமும் அவ்வாறே அநாதியல்லவா என்று சைவர் எளிதில் ஏற்றுக்கொள்வர். அவ்வேற்புத்தான் மறையுரைஞருக்கு இடர். உயிர் படைக்கப்பட்டது, தொடக்கம் உடையது, ஆயினும் முடிவற்றது என்பது கிறித்தவக் கொள்கை. எனவே உயிருக்கு அனந்தம் பொருந்தும், அநாதி பொருந்தாது. இறைவனுக்கு மட்டுமே இரண்டும் பொருந்தும். இலத்தீன் மரபு இறைவனுக்கு ஒன்றும், வானதூதருக்கு ஒன்றும், மாறும் உலகுக்கு ஒன்றுமாக மூன்று சொற்களை வகுத்திருந்தது. தமிழில் நித்தியம் என்னும் ஒரே சொல் இறைவனுக்கும், வீடுபெற்ற உயிரின் வாழ்வுக்கும், நரக வேதனைக்கும் வழங்கலாயிற்று. நித்தியர், நித்தியஜீவன், நித்திய ஆக்கினை என்னும் மூன்றிலும் சொல் ஒன்றே. பொருள் மூன்றிலும் ஒன்றாக இருத்தல் கூடுமா என்பது எளிதாகக் கடந்துவிடத்தக்க வினா அன்று.

தொண்ணூறாம் திருப்பாடலின் தமிழாக்கம் இதற்கு ஒரு நல்ல சான்று. எபிரேய மூலம் ‘ஓலாம்’ என்னும் ஒரே சொல்லை இருமுறை அடுக்கி, இறைவன் அதிலிருந்து அதுவரை இருப்பவர் என்கிறது. பவர் தலைமையிலான குழுவின் உழைப்பால் 1871இல் முழு வடிவில் வெளிவந்த ஒன்றிய மொழிபெயர்ப்பு, முற்பாதிக்கு ‘அநாதி’ என்னும் வடசொல்லையும் பிற்பாதிக்கு ‘என்றென்றைக்கும்’ என்னும் தமிழ்ச் சொல்லையும் இட்டது. மூலத்தில் ஒன்றாக இருந்தது இரண்டாகப் பிரிந்தது. இறந்த திசையில் தொடக்கமின்மை, எதிர்த் திசையில் முடிவின்மை என்று கோட்டின் இரு நுனிகளும் தனித்தனியே பெயர் பெற்றன. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் அவ்விடத்தில் ‘ஊழி’ என்னும் சொல்லை அடுக்கிற்று. அடுக்கு மீண்டது. ஆனால் ஊழி என்பது பேரளவுக் காலத்தையும் குறிக்கும், அதன் இறுதியில் நிகழும் அழிவையும் குறிக்கும். முடிவற்ற இறைவனை அளக்க, முடிவையே பொருளாக உடைய சொல் அளவுகோலாகிறது. மொழிபெயர்ப்பாளர் இதனை அறியாதவர் அல்லர். தூய தமிழில் வேறு சொல் கிடைப்பது அரிது.

யுகமும் ஆயிரம் ஆண்டும்

தெலுங்கின் ‘யுகயுகமுலு’ கிரேக்கத் தொடரின் வடிவை நன்கு காத்திருக்கிறது. மூலத்திலும் ‘ஊழிகளின் ஊழிகள்’ என்னும் அமைப்பே உள்ளது. தமிழின் ‘சதாகாலங்கள்’ வடிவு சற்று விந்தையானது. சதா என்பது எப்போதும் என்னும் பொருளது. எப்போதும் என்பதற்குப் பன்மை இல்லை. அப்பன்மை விகுதி கிரேக்கப் பன்மை விட்டுச்சென்ற தழும்பு என்றே கொள்ளவேண்டும். ஆயினும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் யுகம் என்னும் சொல்லை இவ்விடங்களில் தவிர்த்தமை ஒரு நன்மை பயந்தது. யுகம் என்றதும் நினைவுக்கு வருவது சுழலும் காலம். கலியுகத்துக்கு 4,32,000 ஆண்டு. நான்கு யுகங்களும் சேர்ந்து 43,20,000 ஆண்டு. அத்தகைய ஆயிரம் சேர்ந்தது பிரமனின் ஒரு பகல், அதாவது 432 கோடி ஆண்டு. பகல் முடிந்தால் ஒடுக்கம், பின்னர் மீண்டும் தோற்றம்.

தொண்ணூறாம் திருப்பாடலிலும் ஓர் ஆயிரம் வருகிறது. இறைவன் பார்வையில் ஆயிரம் ஆண்டுகள் கழிந்துபோன நேற்றைய நாளையும், இரவின் ஒரு சாமத்தையும் ஒத்தவை என்பது அப்பாடலின் கருத்து. புராணம் இறைவனுடைய ஒரு நாளை மனித ஆண்டுகளால் பெருக்கிக் காட்டுகிறது. திருப்பாடல் மனிதரின் ஆயிரம் ஆண்டை ஒரு நாளாகச் சுருக்கிக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் போக்கு வேறு. முன்னதில் கணக்கு உண்டு. பிரமனுக்கும் ஆயுள் முடிவு உண்டு. பின்னதில் கணக்கு இல்லை, உவமையே உண்டு. அதனை ஒரு வாய்பாடாகக் கொண்டு உலக முடிவின் ஆண்டைக் கணக்கிட்டோர் எல்லா நூற்றாண்டிலும் இருந்தனர். அவர்கள் உவமையைப் பஞ்சாங்கமாகப் படித்தவர்கள்.

திருமலையும் திருக்காளத்தியும் அருகில் இருக்க

கங்காதர நெல்லூர் என்னும் பெயரே கங்கையைச் சடையில் தரித்தவன் பெயரைத் தாங்கியது. வடகிழக்கே திருக்காளத்தி, வடக்கே திருமலை. இவ்விரண்டு பெருந்தலங்களின் சமய மெய்யியல் காலத்தைப் பற்றி முன்பே தெளிவான கொள்கை உடையது. சைவ சித்தாந்தத்தின் முப்பத்தாறு தத்துவங்களுள் காலமும் ஒன்று. அது மாயையின் காரியம். உயிரின் வினை நுகர்ச்சியை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என வரையறுப்பது அதன் தொழில். மாயைக்கு அப்பாற்பட்ட சிவன் காலத்துக்கும் அப்பாற்பட்டவன் என்பது தனியே நிறுவ வேண்டாத முடிபு. இராமாநுசர் வழி வைணவத்தில் உலகம் லீலாவிபூதி, பரமபதம் நித்தியவிபூதி எனப் பிரியும். நித்தியவிபூதியில் காலத்துக்கு ஆட்சி இல்லை. அங்கே எதுவும் மூப்பதும் தேய்வதும் இல்லை.

ஆகவே, இறைவன் காலங்கடந்தவர் என்ற செய்தியோடு வந்த மறையுரைஞரின் கூற்று இவ்வட்டாரத்தில் புதுமையாக ஒலித்திருக்க வாய்ப்பில்லை. புதுமையாகவும் இடறலாகவும் ஒலித்தது அதன் மறுபக்கம்: அவ்விறைவன் ஒரே முறை, ஓர் உரோமைப் பேரரசனின் ஆட்சிக் காலத்தில், பொந்தியு பிலாத்து என்னும் ஆளுநனின் கீழ்த் துன்புற்றார் என்பது. அறிக்கையிடும் கிறித்தவர் ஒவ்வொரு முறையும் இறைவனோடு ஓர் அதிகாரியின் பெயரைச் சேர்த்தே அறிக்கையிடுகின்றனர். காலங்கடந்தவர் வரலாற்றில் ஒரு தேதிக்கு உட்பட்டார் என்பதே கிறித்தவம் கூறும் முரண். நித்தியத்தை மட்டும் பேசினால் இம்முரண் மறையும். வரலாற்றை மட்டும் பேசினால் இறைவன் மறைவார்.

இம்முரணை எதிர்கொண்டவருள் வேங்கல் சக்கரை குறிப்பிடத்தக்கவர். அவதாரம் என்னும் வைணவச் சொல்லைக் கிறித்துவுக்கு ஏற்றி அவர் எழுதிய நூல் 1920களில் வெளிவந்தது. அவதாரங்கள் ஒரு பணிக்காக வந்து, பணி முடிந்ததும் மீள்வன. கிறித்துவின் மனிதத்தன்மையோ விலகாதது, ஆவியின் வழியாகத் தொடர்வது என்பது அவர் வாதத்தின் சாரம். வேறு வகையிற் கூறின், காலம் நித்தியத்துக்குள் ஏற்கப்பட்டுவிட்டது. திருமலையின் அருச்சாவதாரக் கொள்கையை அறிந்த வாசகர்க்கு இவ்வாதம் முற்றிலும் அயலாகாது. அருச்சையும் வந்து மீளாதது. சக்கரை அவதாரச் சொல்லை எடுத்துக்கொண்டபோது அந்நெருக்கத்துக்கும் இடம் தந்தார் என்றே தோன்றுகிறது.

இவ்வட்டாரத்தோடு தொடர்புடைய ஒரு மாணவரையும் இங்கே குறிப்பிடலாம். திருத்தணியில் பிறந்த இராதாகிருட்டிணன், 1896 முதல் 1900 வரை திருப்பதியில் எர்மன்ஸ்பர்க்கு லுத்தரன் மறைப்பணிப் பள்ளியிலும், பின்னர் ஆர்க்காட்டு மறைப்பணியைச் சார்ந்த வேலூர் ஊரீசு கல்லூரியிலும் பயின்றவர். மறைப்பணியாளர் முன்வைத்த திறனாய்வே தம்மை வேதாந்த ஆய்வுக்குத் தூண்டியதாக அவர் பின்னாளில் எழுதினார். நித்தியத்துக்கும் காலத்துக்கும் உள்ள உறவு அவர் மெய்யியல் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருவது.

தமிழ் இலக்கணம் தரும் இடம்

சொற்களைவிட வினைமுற்றுகள் இவ்வாய்வில் மிகுதியும் பயன் தருவன. விடுதலைப் பயண நூலின் மூன்றாம் இயலில் மோசே இறைவனின் பெயரைக் கேட்கிறார். மறுமொழியாக வரும் எபிரேய வினை முற்றுப்பெறா நிலையது. ‘இருக்கிறேன்’ என்றும் கொள்ளலாம், ‘இருப்பேன்’ என்றும் கொள்ளலாம். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதனை ‘இருப்பவர்’ என்னும் நிகழ்காலப் பெயராக்கினர். தமிழ் மொழிபெயர்ப்புகளும் அவ்வழியே சென்று ‘இருக்கிற’ என்னும் நிகழ்காலப் பெயரெச்சத்தில் இறைப்பெயரை அமைத்தன.

இதனைத் தமிழ் இலக்கணத்தோடு வைத்து நோக்குதல் வேண்டும். மூன்று காலத்தும் ஒரே தன்மையவாய் இருக்கும் பொருளின் இயல்பை எக்காலத்தால் கூறுவது என்னும் வினாவைத் தொல்காப்பியர் எழுப்பி, அதற்கு நிகழ்காலத்துப் பொதுச்சொல்லை விதித்தார். சேனாவரையர் அப்பொதுச்சொல்லைச் செய்யும் என்னும் வாய்பாட்டுச் சொல்லாகக் கொண்டு, மலையின் நிற்றலையும் ஞாயிற்றின் இயக்கத்தையும் எடுத்துக்காட்டினார். நன்னூலாரும் முக்காலத்தும் ஒத்தியலும் பொருளை நிகழ்காலத்தால் கூறுக என்றார். ஆகத் தமிழ் இலக்கண மரபில் நிகழ்காலம் இருவகைப்படும். கழிந்துகொண்டிருக்கும் கணத்தைக் குறிப்பது ஒன்று. கழியாது நிற்கும் தன்மையைக் குறிப்பது மற்றொன்று. மேலை மெய்யியலார் ‘நிலைத்து நிற்கும் இப்போது’ என்று புதுத்தொடர் புனைந்து விளக்க வேண்டியிருந்த ஒன்றுக்குத் தமிழ் இலக்கணத்தில் நூற்பாவே இருக்கிறது.

யோவான் நற்செய்தியின் எட்டாம் இயலில் இதற்கு ஒரு கடுமையான சோதனை வருகிறது. ஆபிரகாம் தோன்றுவதற்கு முன்பே தாம் இருப்பதாக இயேசு கூறுமிடத்தில், ‘முன்னமே’ என்னும் இறந்தகாலச் சார்புச் சொல்லோடு ‘இருக்கிறேன்’ என்னும் நிகழ்கால முற்று முடிகிறது. ‘இருந்தேன்’ என்பதே மரபு. இலக்கணப் புலவர் ஒருவர் முதல் நோக்கில் இதனைக் காலவழு என்பார். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியன பற்றிக் காலம் மயங்குதலை நன்னூல் வழுவமைதியாக ஏற்கும். ஆனால் இவ்விடம் அந்நான்கனுள் எதிலும் செவ்வனே அடங்கவில்லை. முக்காலத்தும் ஒத்தியலும் பொருள் பற்றிய நூற்பாவில்தான் அடங்கும். அங்கே அடங்கினால் அது வழுவும் அன்று, வழுவமைதியும் அன்று, வழாநிலையே. கேட்டவர் கல்லெடுத்தமைக்குக் காரணமும் இதுவே. அவர்கள் அத்தொடரை வழுவாகக் கேட்கவில்லை.

இன்னொன்றும் கூறத்தக்கது. எபிரேய வினையின் இருபொருள் நிலையைக் காக்கத்தக்க வடிவு தமிழில் உண்டு. அது செய்யும் என்னும் வாய்பாடே; நிகழ்வையும் எதிர்வையும் ஒருங்கே தாங்குவது. ஆனால் செய்யும் என்னும் முற்று தன்மைக்கும் முன்னிலைக்கும் பலர்பாலுக்கும் வாராது எனத் தொல்காப்பியம் விலக்கியிருக்கிறது. மலை நிற்கும் எனலாம். நான் நிற்கும் எனல் ஆகாது. இறைவன் தம்மைத் தாமே பெயரிட்டுக் கூறும் இடமோ தன்மை இடம். எனவே மொழிபெயர்ப்பாளர் முன் இருந்தவை ‘இருக்கிறேன்’, ‘இருப்பேன்’ என்னும் இரண்டே. பெயரெச்சத்துக்கு அவ்விலக்கு இல்லையாதலால் ‘இருக்குமவர்’ என ஆக்கியிருக்கலாம். எவரும் அவ்வாறு ஆக்கவில்லை. பேச்சு வழக்கில் ‘இருக்கும்’ என்பது ‘இருக்கக்கூடும்’ என்னும் ஐயப்பொருளையும் தருதலின், அத்தயக்கம் இயல்பே.

திருவெளிப்பாட்டின் முதல் இயலில் மூன்று காலமும் ஒருங்கே வருகின்றன. ‘இருக்கிறவர்’, ‘இருந்தவர்’ என்னும் இரண்டனை அடுத்து ‘இருக்கப்போகிறவர்’ என்று வரும் என்றே வாசகர் எதிர்பார்ப்பர். வருவதோ ‘வருகிறவர்’. மூலத்திலும் அவ்வாறே. எதிர்காலம் இருத்தல் வினையால் அன்றி வருதல் வினையால் நிரப்பப்படுகிறது. 1995இல் யூர்கன் மோல்ட்மன், இறைவனின் வருகை பற்றிய தம் நூலில் இவ்வேறுபாட்டைத் தம் கோட்பாட்டின் ஆணிவேராக்கினார். நித்தியம் காலத்துக்கு அப்பால் அசைவின்றி இருப்பதன்று, காலத்தை நோக்கி வருவது என்பது அவர் துணிபு. போயத்தியுஸின் பக்கம் ‘இருக்கிறவர்’ என்னும் சொல் நிற்க, மோல்ட்மனின் பக்கம் ‘வருகிறவர்’ நிற்கிறது. ஒரே தொடரில் இரண்டும் இருக்க, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டப்படும் இறையியல் பாதி இறையியலே. பஞ்ச காலத்தில் கையேந்தியவருக்கு இரண்டும் தேவைப்பட்டன: மாறாதவர் என்னும் உறுதியும், வருபவர் என்னும் நம்பிக்கையும்.

முன்குறித்தலும் ஊழும்

உரோமையருக்கும் எபேசியருக்கும் எழுதிய திருமுகங்களில் வரும் ஒரு கிரேக்க வினைக்குத் தமிழ் ‘முன்குறித்தல்’ என்றது. சீர்திருத்தச் சபையின் தெரிந்துகொள்ளுதல் கோட்பாடு முழுவதும் தமிழில் இச்சொல்லின் மேல் நிற்கிறது. ‘முன்’ என்னும் முன்னொட்டு கேட்பவர் மனத்தில் ஒரு கால வரிசையை உண்டாக்குகிறது. முன்னர் எழுதப்பட்டது, பின்னர் நடக்கிறது. தலையெழுத்து என்னும் வழக்குச் சொல்லும், ஊழ் என்னும் இலக்கியச் சொல்லும் இதனோடு உடனே ஒட்டிக்கொள்கின்றன. இரண்டும் ஒன்றல்ல. ஊழ் உயிரின் பழவினையிலிருந்து எழுவது. அதனைச் செய்தவன் அவ்வுயிரே. முன்குறித்தல் உயிரின் வினையை நோக்காது இறைவனின் அருளிலிருந்து எழுவது. ஆயினும் பயன் ஒன்றுபோலத் தோன்றும். எல்லாம் முன்பே முடிந்துவிட்டதெனின், மன்றாட்டும் முயற்சியும் எதற்கு என்னும் வினா இரண்டிலும் எழும்.

சிறையில் இருந்த போயத்தியுஸ் இதே முடிச்சோடு போராடினார். இறைவன் எதனையும் ‘முன்’ அறிவதில்லை. முன்னும் பின்னும் அற்ற நிலையில், மலையுச்சியிலிருந்து நோக்குபவர் போல அனைத்தையும் ஒருசேரக் காண்கிறார் என்பது அவர் கண்ட விடை. நடப்பவனைப் பிறர் பார்ப்பதால் அவன் நடை கட்டாயமாவதில்லை. ஆதலால் முன்காண்டல் என்னும் சொல்லையே அவர் ஏற்கத் தயங்கினார். இவ்விடை முழுமையானதன்று, காண்டலுக்குப் பொருந்துவது குறித்தலுக்கும் பொருந்துமா என்பது ஐயமே. பார்ப்பவர் வேறு, தீர்மானிப்பவர் வேறு. எனினும் தமிழ் வாசகர்க்கு ஒன்று விளங்கும். ‘முன்’ என்பதைக் கால முன்னாகக் கொள்ளாது முதன்மை முன்னாகக் கொண்டால், இறைவனின் அருள் மனிதச் செயலுக்கு முதன்மையானது என்னும் பொருளே எஞ்சும். தலையெழுத்தின் நிழல் விலகும். தமிழில் முன் என்னும் சொல் காலம், இடம், முதன்மை ஆகிய மூன்றுக்கும் உரியது. இவ்வாய்ப்பைத் தமிழ் மறையுரைகள் போதிய அளவு பயன்கொண்டதாகத் தெரியவில்லை.

நித்தியஜீவனும் நிலைவாழ்வும்

1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் செய்த மாற்றங்களுள் தலையாயது, நித்தியஜீவன் என்பதை நிலைவாழ்வு ஆக்கியமை. தனித்தமிழ் வேட்கை மட்டுமே இதற்குக் காரணம் என்று கொள்வது குறைவு. நிலை என்பது நில் என்னும் அடியிற் பிறந்தது. தமிழ் அறநூல் மரபில் நிலையாமை ஒரு பெரும் பொருள். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரம் வகுத்தார், காஞ்சித் திணை முழுவதும் அதனையே பாடும். நிலைவாழ்வு என்ற சொல்லைக் கேட்கும் தமிழர் செவியில் நிலையாமை என்னும் எதிர்ச்சொல்லும் உடன் ஒலிக்கும். நித்தியஜீவனுக்கு அவ்வெதிரொலி தமிழ் இலக்கியத்தில் இவ்வளவு ஆழமாக இல்லை. மேலும், முடிவற்ற நீட்சியைவிட அசையாத நிற்றலையே நிலை என்னும் சொல் முதலில் சுட்டுகிறது. இலத்தீன் மரபின் ‘நிற்கும் இப்போது’ என்பதற்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச் சொல் முன்பு வந்ததில்லை.

ஆனால் இவ்விடத்தில் ஒரு தடை உண்டு. 1962இல் ஜேம்ஸ் பார், குல்மன் முதலியோரை மறுத்து, காலம் குறித்த விவிலியச் சொற்களின் அகராதிப் பொருளிலிருந்து இறையியலைக் கறந்தெடுத்தல் தவறு என்று காட்டினார். பொருளைத் தருவது தொடர். தனிச்சொல்லின் வேர் அன்று. அவர் எச்சரிக்கை தமிழுக்கும் பொருந்தும். நில் என்னும் வேரைக் காட்டி இறைவன் காலங்கடந்தவர் என நிறுவ முயல்வது, யுகம் என்னும் சொல்லைக் காட்டித் தெலுங்குக் கிறித்தவர் சுழற்காலக் கொள்கையர் என்று கூறுவதற்கு ஒப்பாகும். தெலுங்குச் சபையார் எவரும் அவ்வாறு கருதுவதில்லை. மேலே கூறிய நிகழ்கால நூற்பா இத்தடையைத் தாண்டுவது, அது வேர்ச்சொல் ஆராய்ச்சியாக அன்றித் தொடரிலக்கணமாக இருப்பதனால்.

நிலைவாழ்வு என்னும் சொல் இன்று கத்தோலிக்கத் திருவழிபாட்டில் வேரூன்றிவிட்டது. சீர்திருத்த சபைகள் பெரும்பாலும் ஒன்றிய மொழிபெயர்ப்பின் நித்தியஜீவனையே ஓதுகின்றன. தெலுங்கு விவிலியத்திலும் அச்சொல் ‘நித்யஜீவமு’. ஆகவே கங்காதர நெல்லூர் போன்ற இருமொழி ஊர்களில் தமிழ் ஓதுவோரும் தெலுங்கு ஓதுவோரும் ஒருவர் சொல்லை ஒருவர் மொழிபெயர்ப்பின்றியே அறிந்துகொள்வதற்கு அந்தப் பழைய வடசொல் இன்றும் இடமளித்து வருகிறது. நிலைவாழ்வு என்று ஓதும் தமிழர் அதே சொல்லைத் தம் தெலுங்கு அயலாருக்கு விளக்கியே கூறவேண்டும்.